முதலாளிக்கு ஒரு நாற்காலி

வைரவநாதன் முதலாளி இருக்கிறாரே, அவருடைய சர்க்கஸில் சிங்கம்கூட அவரிடம் மறுபேச்சுப் பேசாது. அன்றைய ஆட்டத்தில் கஸ்தூரி யானை நெருப்பு வளையத்துக்குள் நுழைந்து வர வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார். யானையின் பக்கத்திலேயே நடக்க வேண்டியவன் பாகன் சந்தியாகு. அவன் பெண்டாட்டி அமலி இதைக் கேட்டதும் கைக்குழந்தையோடு முதலாளியிடம் ஓடி வந்தாள்.

"வேண்டாங்கய்யா. ஒத்திகையிலேயே தீயைக் கண்டு பின்வாங்குது. மிரண்டுச்சுன்னா எம் புருஷன் அதோட காலடியிலதான் நிப்பாரு."

"மிரளும்னு நிச்சயமாத் தெரியுமா? ஆமாவா இல்லையா, ஒண்ணைச் சொல்லு. நீ சொல்றது தப்பாப் போச்சுன்னா, ரெண்டு பேரும் மூட்டையைக் கட்டுங்க."

"நிச்சயமாச் சொல்ல முடியாதுங்கய்யா. பத்துத் தடவை விட்டா மூணு தடவை மிரளும்."

முதலாளி தொப்பை குலுங்கச் சிரித்தார். "தெரியலேன்னு சொல்லேன்! நான் சொல்றேன், கேட்டுக்கோ. மிரளவே மிரளாது. நூத்துக்கு நூறு!"

"சரிங்கய்யா" என்ற அமலி, குழந்தையைப் புருஷன் கையில் கொடுத்தாள். முதலாளியின் மெத்தை நாற்காலியைத் தூக்கி வந்து வளையத்தை ஒட்டிப் போட்டாள்.

"ஆட்டம் முடியற வரைக்கும் ஐயா இங்கேயே உட்காருங்க. ஜனங்களுக்கும் தைரியமா இருக்கும்."

பக்கத்தில் கட்டியிருந்த கஸ்தூரி காதை விரித்துப் பிளிறியது. முதலாளி நாற்காலியைப் பார்த்தார், யானையைப் பார்த்தார்.

"எனக்கு... டிக்கெட் கவுண்டர்ல வேலை இருக்கு."

வேடிக்கை பார்த்து நின்ற கோமாளிகள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள். அமலி நாற்காலியை இன்னும் கொஞ்சம் வளையத்தின் பக்கம் தள்ளினாள்.

"இப்ப நூத்துக்கு எவ்வளவுங்கய்யா?"

முதலாளி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அந்த வளையத்தை எடுத்து உள்ளே போடுங்கடா!" என்று கோமாளிகளைப் பார்த்துக் கத்தினார்.