மிளகி விடாத தடம்

சர்ர்... சர்ர்... இருட்டிய பிறகு கதவின் வெளிப்பக்கம் ஏதோ உரசியது. காற்றா? காற்றுக்கு நகம் உண்டா, பிள்ளைகளே?

மலைகளுக்கு மனிதர் இன்னும் பேர் வைக்காத காலம் அது. அப்படி ஒரு மலையில் சடைச்சி என்றோர் இளம்தாய் இருந்தாள். கணவன் உப்பு வாங்கக் கீழ்நாட்டுக்குப் போயிருந்தான். வீட்டில் அவள், அவளுடைய கைக்குழந்தை, மிளகி என்ற கறுத்த குட்டை நாய். அவ்வளவுதான்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். வீட்டுக்காரன் வழியில் இருக்கும்வரை உள்தாழ் போடக் கூடாது. போட்டால் அவன் திரும்பும் வழி மூடிவிடும் என்பார்கள். அதனால் சடைச்சி கதவைச் சாத்தி, அதில் முதுகைக் கொடுத்து, குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மிளகி விடியும்வரை உறுமியது.

காலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, மிளகியோடு ஊர் மூப்பரிடம் ஓடி, இரவு கேட்டதைச் சொன்னாள். மூப்பர் தம் வேட்டைநாய்கள் மூன்றையும் அவிழ்த்துவிட்டார்.

"என் பிள்ளைங்க மூக்குக்குத் தப்பி ஒரு எறும்பு போகாது, வா தாயி!"

வந்தது எது என்று தேடி மார்கழிப் பனியில் காட்டுக்குள் நடந்தார்கள். முதல் நாய்க்கு முயல் வாசம் அடித்தது, ஓடிவிட்டது. இரண்டாம் நாய்க்குப் பன்றி வாசம் அடித்தது, ஓடிவிட்டது. மூன்றாம் நாய்க்கு மான் வாசம் அடித்தது, அதுவும் ஓடிவிட்டது.

மிளகிக்கும் எல்லா வாசமும் அடித்தது. முயல் தடத்தில் நாக்கில் எச்சில்கூட ஊறியது. ஆனால் அது ஒரே தடத்தைப் பிடித்திருந்தது. ஓடையைத் தாண்டி, பாறையைச் சுற்றி, கடைசியில் சடைச்சியின் வாசற்படியில் வந்து நின்றது.

மூப்பர் வயிறு குலுங்கச் சிரித்தார். "காடெல்லாம் சுத்தி உன் வீட்டையே கண்டுபிடிச்சிருக்கு! கெட்டிக்காரிதான் போ!"

அப்போது வேட்டைநாய்கள் திரும்பி வந்தன. ஒன்றின் வாயில் முயல். மூன்றும் வாசற்படியை ஒருமுறை மோந்தன. முயல் கீழே விழுந்தது. மூன்றும் வாலைக் கால்களுக்குள் சுருட்டிக்கொண்டு மூப்பரின் பின்னால் ஒளிந்தன.

மூப்பர் குனிந்து பார்த்தார். கதவில் நகக்கீறல்கள். இடுக்கில் மஞ்சள் மயிர்.

"சிறுத்தை," என்றார் மெல்ல. "இன்னைக்கும் வரும். ஆனா தாழ் மட்டும் போட்டுடாதே தாயி. வழியில இருக்கிறவனுக்கு ஆகாது."

சடைச்சி அந்தக் கீறல்களை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து சொன்னாள்.

"என் வீட்டுக்காரருக்குக் கதவைத் தட்டத் தெரியும், மூப்பரே. தட்டத் தெரியாததுக்குத்தான் தாழ்."

ஆசை காட்டும் தடங்களை விட்டுவிட்டு, தன் வாசலைத் தேடி வரும் ஆபத்தின் தடத்தை விடாமல் பிடிப்பவரே வீரர், பிள்ளைகளே.

பொழுது சாய்ந்தது. மிளகி அரசியைப் போலத் தலை நிமிர்த்தி முதலில் உள்ளே போனது. சடைச்சி குழந்தையோடு பின்னால் போய், கதவைச் சாத்தி, உள்தாழைப் போட்டாள்.