விரால் அளந்த நொடி

கோரைக் குளத்தில் ஒரு விரால் மீன் இருந்தது. தன்னைப் பெரிய அறிவாளி என்று அது நினைத்துக்கொண்டிருந்தது. குளத்தில் வேறு யாரும் அப்படி நினைக்கவில்லை.

கெண்டை ஒன்று "சீக்கிரம் வந்துவிடுகிறேன்" என்று சொல்லிவிடக் கூடாது. "சீக்கிரம் என்றால் எவ்வளவு?" என்று விரால் வழியை மறித்துக்கொள்ளும். விளக்கி முடிப்பதற்குள் கெண்டைக்கு வந்த வேலையே மறந்துபோகும்.

அந்தக் கோடையில் விராலின் மனைவி வலையில் சிக்கிப் போய்விட்டது. மிஞ்சியவை நாலே குஞ்சுகள். செக்கச்செவேலென்று தந்தையின் பின்னாலேயே திரியும். அவற்றின் மேல் விராலுக்கு உயிர். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒருநாள் தவளை மூச்சிரைக்க நீந்தி வந்தது. "அண்ணே, கருவேல மரத்துல மீன்கொத்தி வந்து குந்தியிருக்கு. பிள்ளைங்கள அடியில கூட்டிட்டுப் போ. அதுக்கு ஒரு நொடி போதும்."

"நொடி என்றால் எவ்வளவு?"

தவளைக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கண் இமைக்கும் நேரம் என்றது. மீனுக்கு இமை ஏது? அப்படியொரு பொருளைத் தான் கண்டதே இல்லை என்றது விரால். விரல் சொடுக்கும் நேரம் என்றது தவளை. விராலிடம் விரலும் இல்லை.

"என்னால் அளக்க முடியாத நேரத்துக்குள் எனக்கு என்ன கெடுதல் வந்துவிடும்?" என்று கேட்டது விரால். ஏட்டுச் சுரைக்காயிடம் இனி என்ன பேச்சு? தவளை தாமரை இலைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

ஆனாலும் சந்தேகம் விராலைக் குடைந்தது. விஷயம் தெரிந்தவரிடமே கேட்டுவிடலாம் என்று தலையை நீட்டி மீன்கொத்தியைக் கூப்பிட்டது. இப்படியும் ஒரு மேதை!

மீன்கொத்தி ரொம்பப் பணிவாகப் பேசியது. "வாயால சொன்னா விளங்காதுங்க ஐயா, செஞ்சுதான் காட்டணும். பிள்ளைங்களையும் மேல கூப்பிடுங்க. அதுங்களும் கத்துக்கட்டும்."

விராலுக்குப் பெருமை பிடிபடவில்லை. குஞ்சுகளை மேலே அழைத்துத் தன் பின்னால் வரிசையாக நிறுத்தியது. பாடம் முடியும்வரை மூச்சுக் காட்டக் கூடாது என்று அதட்டியது. பிறகு பறவையை உற்றுப் பார்த்தது.

மீன்கொத்தி கிளையில் இருந்தது. விராலுக்குப் பின்னால் தண்ணீர் தெறித்தது. மீன்கொத்தி மறுபடி கிளையில் இருந்தது.

"சரியாகப் பிடிபடவில்லை. இன்னொரு தடவை காட்டுங்கள்" என்றது விரால்.

மீன்கொத்தி மறுக்கவில்லை. இரண்டாம் தடவை காட்டியது. மூன்றாம் தடவையும் காட்டியது. இலைக்கு அடியிலிருந்து கத்திய தவளையை, பாடத்தைக் கெடுக்காதே என்று விரால் அடக்கியது. நாலாம் தடவைதான் அதற்கு விளங்கியது.

"ஓ, இவ்வளவுதானா! பிள்ளைகளே, புரிந்ததா?" என்று திரும்பியது.

பின்னால் வெறும் தண்ணீர் அசைந்துகொண்டிருந்தது.

ஆபத்து வந்து நிற்கும்போது அதன் அளவைக் கேட்டுக்கொண்டு நிற்கும் அறிவு, அறியாமையைவிடப் பெரிய கேடு.