குண்டுமணி பல்லை உதிர்த்த கதை

அந்தக் காலத்தில் போன்களுக்குச் சொந்த வாய் இருந்தது. நாம் பேசுவதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு அதுகள் வேலை முடியாது. இடையில் தாமும் நாலு வார்த்தை போடும். "உங்க கொழுந்தியா இன்னைக்கு நல்ல கோபத்துல இருக்கா, பாத்துப் பேசும்" என்று எச்சரித்துவிட்டுத்தான் லைனையே கொடுக்கும். பேச வாய் இருந்தால் பல்லும் இருக்க வேண்டுமே? இருந்தது. பழைய போனில் எண் போட்ட பொத்தான்கள் என்று சொல்கிறீர்களே, அதெல்லாம் அதுகளுடைய பல்தான்.

முகத்தில் முக்கால்வாசி பல். மேலே தபால்தலை அளவுக்கு ஒரு திரை, ஒப்புக்கு. அதில் ஆள் முகம் வரும். மூக்குத் தெரிந்தால் காது தெரியாது. யாரும் அதைக் குறையாக நினைக்கவில்லை. எவ்வளவு சின்னதோ அவ்வளவு மதிப்பு. உள்ளங்கையில் வைத்து மூடினால் வெளியே தெரியாத போன்தான் பெரிய இடத்துப் போன்.

அப்படிப்பட்டதுகளிலேயே சின்னது ஒன்று பேச்சியம்மாள் வீட்டில் இருந்தது. பேர் குண்டுமணி. ஆள் சின்னது, வாய் பெரிது. 'பல் போனால் சொல் போச்சு' என்பதை அது எங்கேயோ கேட்டு வைத்திருந்தது. பேச்சியம்மாள் முந்தானையால் துடைக்கும்போதெல்லாம், "அக்கா, பல்லைப் பாத்து, பல்லைப் பாத்து" என்று பதறும்.

பேச்சியம்மாள் புருஷனை இழந்தவள். ஒரே மகள், செண்பகம். பிறந்ததிலிருந்து காது கேட்காது, பேச்சும் வரவில்லை. எழுதப் படிக்கவும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் கை இருக்கிறதே, அது சும்மா இராது. தாயும் மகளும் கையாலேயே பேசி, கையாலேயே சண்டை போட்டு, கையாலேயே சமாதானம் ஆனவர்கள். அந்தக் கைப்பேச்சு ஊரில் வேறு யாருக்கும் புரியாது.

செண்பகம் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனாள். அதோடு பேச்சு நின்றது. போனில் முகம் தெரியும், கை தெரியாது. தள்ளி நின்று காட்டினால் விரலெல்லாம் சீரகம் மாதிரித் தெரியும். தாய் தலையாட்டுவாள், மகள் தலையாட்டுவாள், அவ்வளவுதான். பேச்சியம்மாளுக்கு அது பெரிய வேதனை.

அப்போதுதான் அவள் அண்ணன் சுடலைமுத்து ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். மாப்பிள்ளைக்குச் சிமெண்டுக் கடை. தலையில் முடி கொஞ்சம், வயது நிறைய. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. காது கேட்காத பெண்ணுக்கு வரன் வந்ததே பெரிது என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

மாப்பிள்ளையின் தாய் வந்து உட்கார்ந்ததுமே சொன்னாள்: "பேசாத பொண்ணு தங்கம் மதினி. மொதல்ல வந்தவ வாயாடியே தாய் வீட்டுக்குப் போயிட்டா. இவ எதுத்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டால்லா."

பேச்சியம்மாளுக்குச் சுருக்கென்றது. "அவளை ஒரு வார்த்தை கேட்டுருவோம் அண்ணாச்சி" என்றாள்.

"கேளு, யாரு வேண்டாங்கா?" சுடலைமுத்து தானே குண்டுமணியை எடுத்துச் செண்பகத்தைக் கூப்பிட்டார். திரையில் அவள் மூக்கும் கண்ணும் வந்தன. சிமெண்டு மூட்டைகளுக்கு நடுவில் மாப்பிள்ளை நிற்கிற போட்டோவைக் காட்டி, கழுத்தில் தாலி கட்டுவதுபோல் சைகை செய்தார். தலை அசைந்தது. மேலும் கீழுமா, பக்கவாட்டிலா, அந்தத் தபால்தலைக்குள் யார் கண்டது?

"ஆட்டுதா பாத்தியளா. சம்மதம். தட்டை எடுங்க" என்றார்.

வெற்றிலை பாக்கும் பூவும் பழமும் வைத்த தட்டுகளை இரண்டு வீட்டாரும் தூக்கினார்கள். தட்டு மாறிவிட்டால் பிறகு பேச்சுக்கே இடமில்லை.

குண்டுமணிக்கு மட்டும் உண்மை தெரியும். திருப்பூரிலிருந்து ஆள் முழுசாகத்தான் வந்து சேர்கிறாள், காட்டத்தான் இடமில்லை. முகத்தை வெளியே காட்டி, மிச்சத்தை உள்ளே மடித்து வைப்பதுதான் போன்களின் வழக்கம். மடித்து வைத்த அந்த மிச்சத்தில் இரண்டு கைகள் துடித்துக்கொண்டிருந்தன.

"நிறுத்துங்க. அவ சம்மதம்னு ஆட்டல. கையால என்னமோ சொல்லுதா" என்றது.

பேச்சியம்மாள் ஓடிவந்தாள். "என்ன சொல்லுதா?"

குண்டுமணிக்கு ஊர் வம்பெல்லாம் தெரியும், கைப்பேச்சு தெரியாது. "நீ பாத்தாத்தான் தெரியும் அக்கா."

"அப்பக் காட்டு."

"எங்க காட்ட? பூராவும் பல்லு."

"போன் பேச்சைக் கேட்டுக்கிட்டா நல்ல நேரத்தை விடுவாங்க?" என்று சுடலைமுத்து தட்டை நீட்டினார்.

குண்டுமணி ஒரு கணம் யோசித்தது. பேசாமல் இருப்பதைவிட அதற்குப் பெரிய தண்டனை உலகத்தில் இல்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டது: "அக்கா, நான் பேசுனது போதும். இனிமே அவ பேசட்டும். நீ நல்லாப் பாத்துக்கோ."

அதுதான் அது பேசிய கடைசிப் பேச்சு. பல்லெல்லாம் வறுத்த கடலை மாதிரிப் பொலபொலவென்று தரையில் கொட்டின. பல் போன இடமெல்லாம் திரை வழிந்து இறங்கியது. அது போதாதென்று போன் நீண்டது, அகன்றது. சுடலைமுத்து தட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியதாயிற்று.

திரையில் செண்பகம் இடுப்புவரை நின்றாள். பத்து விரலும் தெரிந்தன.

பேச்சியம்மாள் பார்த்துப் பார்த்துச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தாள். "'மாட்டேன்'ங்கா. 'மாட்டேன்னு எம்புட்டு நேரமாச் சொல்லுதேன், மாமாவுக்குக் கண்ணு தெரியலையா'ங்கா. 'இந்த ஆளும் வேண்டாம், சிமெண்டும் வேண்டாம்'ங்கா." வாசலில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். "இந்தா, மீசையை முறுக்கிக் காட்டுதா. கூட வேலை பாக்குத மீசைக்காரர் ஒருத்தராம். அவருக்கும் காது கேக்காதாம். பேச உக்காந்தா ரெண்டு பேருக்கும் சோறு மறந்துபோவுதாம். கட்டுனா அவரைத்தானாம்."

சொல்லச் சொல்ல அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. மகள் பேச்சைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

செண்பகம் கையை நீட்டி ஒருவரை இழுத்தாள். மீசைக்காரர் கூச்சத்தோடு வந்து நின்றார். இரண்டு பேர் நிற்கவும் அந்தத் திரையில் இடம் இருந்தது. கும்பிட்டுவிட்டு, அவரும் கையால் ஏதோ சொன்னார்.

"'அத்தை'ங்காரு" என்றாள் பேச்சியம்மாள். "இவகிட்டக் கத்துக்கிட்ட கைப்பேச்சு, கொஞ்சம் கொச்சையா இருக்கு. ஆனா புரியுது." பிறகு மாப்பிள்ளையின் தாயைப் பார்த்தாள். "மதினி, எம் பொண்ணு பேச மாட்டான்னு உங்ககிட்ட யாரோ தப்பாச் சொல்லிட்டாங்க. காப்பி ஆறுது, குடிச்சிட்டுப் போங்க."

சுடலைமுத்து தட்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "சரி, பொங்கலுக்கு அந்த மீசையைக் கூட்டிட்டு வரச் சொல்லு" என்றார்.

எல்லாரும் போன பிறகு பேச்சியம்மாள் குண்டுமணியின் கன்னத்தை விரலால் மெல்லத் தடவினாள். "வலிக்கா?" பதில் இல்லை. ஆனால் தடவத் தடவ அதன் முகத்தில் வெளிச்சம் வந்தது.

மற்றப் போன்கள் சும்மா விடுமா? "பொக்கை வாய்", "தோசைக்கல்லு" என்று சிரித்துத் தீர்த்தன. ஆனால் மறுநாள் போன் கடையைத் திறப்பதற்குள் வாசலில் கூட்டம். "அந்தப் பொக்கைவாய் மாதிரி ஒண்ணு குடுங்க." கடைக்காரர் சின்னதாக ஒன்றை நீட்டினார்: "இது உள்ளங்கைக்குள்ள அடங்கும்மா." துபாயில் புருஷன் இருக்கிற ஒருத்தி சொன்னாள்: "எங்க வீட்டுக்காரர் உள்ளங்கைக்குள்ள அடங்க மாட்டாரு. ஆள் முழுசாத் தெரியணும்." பல் வைத்த போன்களெல்லாம் அலமாரியில் தூசி படிந்து கிடந்தன. சிரித்த போன்களே ஒவ்வொன்றாகப் பல்லை உதிர்த்துக்கொண்டு, நான் பெரிசா நீ பெரிசா என்று வரிசையில் வந்து நின்றன.

அன்று முதல்தான் போன்களுக்குப் பல்லும் இல்லை, சொந்தச் சொல்லும் இல்லை. முகம் பூராவும் திரையாகி, சட்டைப்பையில் அடங்காமல் தலையை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. நாமும் அதுகளின் கன்னத்தைத் தடவியே காரியம் பார்க்கிறோம். இவ்வளவு பெரிசு எதற்கு என்று யாராவது முகம் சுளித்தால், பேச்சியம்மாள் ஊரில் ஒரே பதில்தான்: "கை தெரியணும்லா."