பதினோரு அடிக்கு ஏத்த எஞ்சின்

ஊசிக்கல்பாளையத்தில் நாலு பேர் இருந்தார்கள். ஊரில் வேறு ஆட்களும் உண்டு. ஆனால் அவர்கள் புத்தியோடு தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அவர்களைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

நாலு பேரும் போர் கிணற்றில் மோட்டார் இறக்குகிறவர்கள். தலைவர் சென்னியப்பன். ஸ்பேனர் பிடிப்பவர் நஞ்சப்பன். அவர் மனைவி மயிலாத்தாள் டேப் வைத்து அளப்பாள். குழாயைத் தாங்கிக்கொண்டு நிற்பவன் குப்புராசு. தொழிலில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. மோட்டார் வாங்கப் போனால் கடைக்காரர் "எத்தனை அடி?" என்று கேட்பார், இவர்கள் அடியைச் சொல்வார்கள், அவர் மோட்டாரை எடுத்துக் கொடுப்பார். உலகத்தில் எந்த எஞ்சினையும் இப்படித்தான் வாங்க வேண்டும் என்று அவர்கள் நம்பினார்கள்.

அவர்களுக்கு ஒரு மனக்குறை இருந்தது. மெயின்ரோட்டில் பஸ் நிற்கும் இடம், ஊசிக்கல்பாளையத்துக்கும் பக்கத்து ஊரான எருக்கலங்காட்டுக்கும் சரியாக நடுவில் இருந்தது. கண்டக்டர் அங்கே வந்ததும் "எருக்கலங்காடெல்லாம் இறங்கு" என்பார். சென்னியப்பன் இறங்க மாட்டார்.

"நம்ம ஊர் இன்னும் வரல. உக்காருங்க" என்று மற்ற மூவரையும் பிடித்து உட்கார வைத்துவிடுவார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நாலு பேரும் வெயிலில் திரும்பி நடப்பார்கள். இப்படியே நடந்து நடந்து அவருக்கு முழங்கால் தேய்ந்துபோனது. டாக்டர் நடையைக் குறைக்கச் சொன்னார். கண்டக்டர் ஒத்துழைத்தால் குறைக்கலாம் என்று இவர் சொல்லிவிட்டு வந்தார்.

இந்த நேரத்தில் அந்த இடத்தில் புது நிழற்குடை எழும்பியது. பெயர்ப் பலகைக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது. எந்த ஊர்ப் பெயரை எழுதுவது என்று தெரியாமல் பெயிண்டர் தூரிகையோடு நின்றார். பஞ்சாயத்துத் தலைவர் தெய்வானை டீச்சர் ஒரு வழி சொன்னார்.

"பொங்கலுக்குப் பந்தயம் வைக்கிறேன். மாட்டு ரேக்ளா வேண்டாம், அனுமதிக்கு அலைய என்னால ஆகாது. ரிமோட்ல ஓடற சின்ன வண்டி கொண்டு வாங்க. ஜெயிக்கிற ஊர்ப் பேரைத்தான் பலகையில எழுதறது."

எருக்கலங்காட்டுக்காக வண்டி ஓட்ட முன்வந்தவர் ரங்கசாமி, சென்னியப்பனின் சொந்த மச்சான். "மச்சான், தோத்தாலும் கவலைப்படாதீங்க. நடந்தா சர்க்கரை குறையுமாம்" என்றார் அவர்.

நாலு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுப் பழைய ரிமோட் வண்டி ஒன்றை வாங்கிவிட்டார்கள். தவளை மாதிரி பரந்து உட்கார்ந்திருக்கும், நாலு சக்கரமும் முள் முள்ளாக இருக்கும். எஞ்சின் மட்டும் இல்லை. அதை வாங்கக் கோயம்புத்தூர் போனார்கள்.

கடைக்காரத் தம்பி மூன்று எஞ்சின்களை எடுத்து வைத்தார். "எல்லாமே நைட்ரோ எண்ணெயில ஓடறதுங்க. இது பாயிண்ட் பன்னெண்டு, இது பாயிண்ட் இருபத்தொண்ணு, இது பாயிண்ட் இருபத்தெட்டு. நம்பர் ஏற ஏற இழுவை ஜாஸ்தி."

"எத்தனை அடிக்குங்க?" என்றார் சென்னியப்பன்.

"என்ன அடிங்க?"

"ஆழம்."

தம்பி ஒரு எஞ்சினை எடுத்துத் தரையில் வைத்துக் காட்டினார். "இது தரையில ஓடறதுங்ணா. ஆழம் கீழம் எல்லாம் கிடையாது. மொதல்ல நீங்க ஓட்டப்போற தரையை நல்லாப் பாத்துட்டு வாங்க. புழுதியா, கெட்டியா, எது வரைக்கும் அப்படி இருக்குதுன்னு சொல்லுங்க. அதுக்கு ஏத்த எஞ்சின் தர்றேன்."

வெளியே வந்ததும் நஞ்சப்பன் தலையை ஆட்டினார். "சின்னப் பையன். அடி கேக்கத் தெரியல, ஆனா விஷயம் தெரிஞ்சவன். எது வரைக்கும்னு கேட்டான் பாத்தீங்களா?"

பந்தயம் நடக்கப்போவது குளத்துக்கு அடுத்த திடலில். நாலு பேரும் அங்கே போய்த் தரையைப் பார்த்தார்கள். நின்று பார்த்தார்கள். பிறகு நல்லாப் பார்க்க வேண்டுமே என்று குப்புறப் படுத்துப் பார்த்தார்கள். எருமை மேய்க்க வந்தவர் எதையாவது தொலைத்துவிட்டார்களா என்று கேட்டார். "இல்லீங்க, இங்கதான் இருக்குது" என்றாள் மயிலாத்தாள், தரையைக் காட்டி.

"மேல புழுதி" என்றார் சென்னியப்பன். "எது வரைக்கும்?"

அது மேலிருந்து தெரியவில்லை. எனவே தோண்டினார்கள். மோட்டார்காரர்கள் குழி தோண்டினால் அந்தப் பக்கத்தில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. புழுதிக்குக் கீழே செம்மண் வந்தது, அதற்குக் கீழே சரளைக்கல், அதற்கும் கீழே ஊற்று. மயிலாத்தாள் மேலிருந்து டேப்பை விட்டு அளந்தாள். பதினோரு அடி. சந்தேகத்துக்குக் குப்புராசு உள்ளே இறங்கிக் கீழிருந்து மேலாக அளந்தான். அதுவும் பதினோரு அடி.

"ஏமாத்து இல்லாத குழி" என்றார் நஞ்சப்பன்.

பிறகு குழியைச் சுற்றி உட்கார்ந்து எந்த எஞ்சின் என்று பேசினார்கள்.

"இருபத்தெட்டு" என்றார் நஞ்சப்பன். "தண்ணி கனம். இழுவை வேணும்."

"ஏனுங்க, கணக்குப் போட்டுத்தான் பேசறீங்களா?" என்றாள் மயிலாத்தாள். "பதினோரு அடிக்கு எதுக்கு இருபத்தெட்டு? மிச்சமெல்லாம் வீணாப் போகுமே. பன்னெண்டு வாங்கினா ஒரு அடிதான் மிஞ்சும். அதை எதுக்காச்சும் வெச்சுக்கலாம்."

"பேசாம இன்னும் ஒரு அடி தோண்டிட்டா, பன்னெண்டு சரியா உக்காந்துக்கும்ங்ணா" என்றான் குப்புராசு.

சென்னியப்பன் அவனை வருத்தத்தோடு பார்த்தார். "அப்புனு, தரைக்கு ஏத்த எஞ்சின் வாங்கோணும். எஞ்சினுக்கு ஏத்த தரையைத் தோண்டறது தொழில் தர்மம் இல்ல."

கடைக்கு போன் போட்டார். "தம்பி, தரையை நல்லாப் பாத்துட்டோம். பதினோரு அடி. பாயிண்ட் பதினொண்ணு ஒண்ணு எடுத்து வைங்க."

"பதினொண்ணு எங்ககிட்ட இல்லீங்களே."

"அப்ப வர்ற வரைக்கும் பொறுத்துக்கறோம்."

குழியைத் திறந்து போட்டால் வெயில் பட்டு ஆழம் காய்ந்துவிடும் என்று மயிலாத்தாள் பயந்தாள். வாய் மேல் கோணிச்சாக்குகளைப் பிரித்துப் போர்த்தினார்கள். பார்வைக்கு அசிங்கமாக இருந்ததால் குப்புராசு மேலாக மண்ணைத் தூவி, கையால் தடவி விட்டான். திடல் பழையபடி அழகாகிவிட்டது.

பொங்கல் வந்துவிட்டது. பதினொண்ணு வரவில்லை. இரண்டு ஊர் சனமும் திடலில் கூடியது. தெய்வானை டீச்சர் சுண்ணாம்பால் கோடு போட்டு விதியைப் படித்தார்.

"வண்டி இந்தக் கோட்டுல இருந்து தொடங்கித் திடலைச் சுத்தி, இதே கோட்டுல வந்து நிக்கணும். நடுவுல யாரும் கையால தொடக்கூடாது. எது கோட்டுல நிக்குதோ அதுதான் ஜெயிச்ச வண்டி."

ரங்கசாமியின் வண்டி சிவப்பு. உள்ளே இருபத்தெட்டு உறுமியது. நம்மவர்கள் வண்டி பக்கத்தில் சத்தமே இல்லாமல் நின்றது. சென்னியப்பன் ரிமோட்டை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு கோயிலில் நிற்பதுபோல் நின்றார்.

"மச்சான், உங்க வண்டி சத்தமே போடலயே?" என்றார் ரங்கசாமி.

"எங்களுது அடக்கமான வண்டி."

டீச்சர் விசில் ஊதினார். சிவப்பு வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு பாய்ந்தது. எருக்கலங்காட்டுச் சனம் கூச்சலிட்டது. சென்னியப்பனுக்கு முழங்கால் இரண்டும் ஒரே நேரத்தில் வலித்தன. இனி ஆயுசு முழுக்க நடைதான் என்று நினைத்தபோது, திடலின் நடுவில் சிவப்பு வண்டி காணாமல் போனது. தொபுக்கென்று ஒரு சத்தம். பிறகு உறுமலும் இல்லை.

எல்லோரும் ஓடிப்போய் எட்டிப் பார்த்தார்கள். தண்ணீரில் குமிழி வந்துகொண்டிருந்தது.

"நான் அப்பவே சொன்னேன்" என்றாள் மயிலாத்தாள் புருஷனிடம். "இருபத்தெட்டு இதுக்குச் சரிப்படாது. இறங்கிடுச்சு, ஏறி வர முடியல பாருங்க."

நஞ்சப்பன் ஒப்புக்கொண்டார். கண்ணால் கண்டபிறகு என்ன பேசுவது?

டீச்சர் நியாயமானவர். "வண்டி திரும்பி வருதான்னு பாப்போம்" என்று நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கரும்பு தின்று முடிக்கும்வரை காத்திருந்தார். குமிழியும் நின்றுவிட்டது. அவர் எழுந்து கோட்டுக்கு வந்தார். கோட்டின் மேல் ஒரு வண்டி நின்றது.

"டீச்சர், அது நகரவே இல்லீங்க" என்றார் ரங்கசாமி.

"தொடங்கினது எங்க?"

"கோட்டுலங்க."

"இப்ப நிக்கறது எங்க?"

"கோட்டுலதானுங்க."

"யாராச்சும் தொட்டாங்களா?"

பெயிண்டர் தூரிகையை நனைத்தார்.

அன்று சாயங்காலம் நிழற்குடையில் கொட்டை எழுத்தில் ஊசிக்கல்பாளையம் என்று எழுதப்பட்டது. டீச்சர் கண்டக்டரிடமும் சொல்லிவிட்டார். சென்னியப்பன் பலகையை நெடுநேரம் பார்த்தார். பிறகு, வண்டிக்கு எஞ்சின் இல்லாமல் ஜெயித்ததே இப்படி என்றால் எஞ்சினோடு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. பதினொண்ணு வந்துவிட்டதா என்று நேரிலேயே போய்க் கேட்டுவிடுவது என்று முடிவானது.

மறுநாள் காலை நாலு பேரும் வண்டியை மடியில் வைத்துக்கொண்டு புது நிழற்குடையில் கோயம்புத்தூர் பஸ்ஸுக்காக உட்கார்ந்தார்கள். பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே குரல் கொடுத்தார்.

"ஊசிக்கல்பாளையமெல்லாம் இறங்கு."

சென்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை நாள் காத்திருந்த குரல். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"எந்திரிங்க. நம்ம ஊர் வந்திருச்சு."

நாலு பேரும் நிழற்குடையை விட்டு இறங்கி வீட்டைப் பார்த்து நடந்தார்கள். பஸ் போய்விட்டது.

"ஏனுங்ணா, எஞ்சின்?" என்றான் குப்புராசு பாதி வழியில்.

"நாளைக்குப் போலாம் அப்புனு" என்றார் சென்னியப்பன். "இப்பத்தானே ஊருக்கு வந்திருக்கோம். பிரயாண அலுப்பு தீரட்டும்."

மறுநாளும் போனார்கள். அன்றைக்கும் ஊர் வந்துவிட்டது.