எரிநட்சத்திரமும் கறிவேப்பிலைச் செடியும்

ஒரு வீட்டு மொட்டைமாடியில், விளிம்பு உடைந்த பெயிண்ட் வாளிக்குள் ஒரு கறிவேப்பிலைச் செடி இருந்தது. அதற்குத் தன்னைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே நினைப்பு.

காரணம் இல்லாமல் இல்லை. எரிநட்சத்திரம் விழுவதைப் பார்த்தால் யாருக்கோ ஆகாது, உடனே பச்சையாக எதையாவது பார்த்துவிட வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். காற்று வாங்க மாடிக்கு வரும் தங்கபுஷ்பமும் அவள் புருஷன் ஐயாத்துரையும், வானத்தில் ஒரு கீற்று ஓடினால் போதும், பதறிப்போய்ச் செடியைப் பார்ப்பார்கள். பார்த்தால் அது வாடிக் கிடப்பது தெரியும். குடிக்கக் கொண்டுவந்த செம்பில் மிச்சமிருப்பதைத் தங்கபுஷ்பம் அதற்கு ஊற்றுவாள்.

"எனக்காகத்தான் நட்சத்திரம் விழுது" என்றது செடி.

"ஆமா, வானத்துக்கு வேற சோலி இல்ல பாரு" என்றது வாளி.

ஆடிக் காற்று மண்ணை உலர்த்திப் போட்டிருந்த ஒரு நாள், ஐயாத்துரை நூலகத்தில் யாரோ பேசியதைக் கேட்டுவிட்டு மாடி ஏறினான்.

"அது நட்சத்திரமே இல்லியாம் தங்கம். மணல் மாதிரி சின்னத் துணுக்குதான். வேகமா வந்து காத்துல எரியுதாம். இந்த வாரம் நெறைய வருமாம்."

"அப்ப யாருக்கும் ஒண்ணும் ஆகாதா?"

"ஒண்ணும் ஆகாது. தைரியமாப் பாரு."

இருவரும் பாயை விரித்துப் படுத்தார்கள். ஒரு கீற்று ஓடியது. செடி வழக்கம்போல நிமிர்ந்து நின்றது. யாரும் திரும்பவில்லை. இன்னொன்று ஓடியது. தங்கபுஷ்பம் வானத்திலிருந்து கண்ணை எடுக்காமலே செம்பைத் தடவி எடுத்து, கடைசிச் சொட்டுவரை தானே குடித்தாள்.

செடிக்கு இருப்புக் கொள்ளவில்லை. இலைகளை உலுக்கிப் பார்த்தது. "நான் இங்கதான் இருக்கேன். பச்சையாத்தான் இருக்கேன்."

"அவங்களுக்குத்தான் இப்பப் பயம் போயிருச்சே" என்றது வாளி.

செடிக்குச் சுருக்கென்றது. அப்படியானால் இத்தனை நாளும் அவர்கள் தன்னைப் பார்க்கவே இல்லை. விழும் நட்சத்திரத்தைப் பார்க்காமல் இருப்பதற்குக் கண்ணை வைக்க ஓர் இடம் தேடியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அவமானமாக இருந்தது. அவமானத்தைவிட, அப்படி என்னதான் இருக்கிறது மேலே என்ற கேள்வி அரித்தது. இவர்கள் முகம் எப்போது திரும்பும் என்று காத்திருந்ததில், அது ஒருநாளும் வானத்தை நின்று நிதானமாகப் பார்த்ததில்லை.

இப்போது பார்த்தது.

கண் வலிக்கும்வரை படுத்திருந்துவிட்டு, அவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்கள். வாளிக்கே மனசு கேட்கவில்லை.

"இலையெல்லாம் தொங்கிப் போச்சு. அவங்க படி இறங்குறதுக்குள்ள ஒரு தடவை அசைஞ்சு காட்டு. தண்ணி வேண்டாமா?"

"சும்மா இரு" என்றது செடி. "அடுத்தது வந்துரும்."