அண்ணாந்து பார்க்க வேண்டிய குளியலறை

"பாத்ரூம் கட்ட நல்ல ஆளை எப்படிக் கண்டுபிடிக்கறது, அம்மா?" என்று மாசிலாமணி கேட்டார்.

தோப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவருக்கு முன்னால் கேட்டவர் மரணத்தைப் பற்றிக் கேட்டிருந்தார். அதற்கும் முன்னால் ஒருவர் மனதை அடக்குவது பற்றி.

தோப்பம்மா சிரிக்கவில்லை.

பழனிக்குப் பக்கத்தில் ஒரு கொய்யாத் தோப்பில் இருப்பவர் அவர். வயது நாற்பத்தைந்துக்கு மேல் இருக்காது. மாசிலாமணிக்கு அறுபத்தொன்று. தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். நான்கு வருடமாக ஞாயிறு தவறாமல் வந்து அவர் முன்னால் தரையில் உட்காருகிறார். ஊரில் சிலருக்கு அது பொறுக்கவில்லை. பொறுக்காதவர்கள் பொறுக்காமல் இருந்துகொள்ளட்டும் என்று இவர் விட்டுவிட்டார்.

"யார் குளிக்கறதுக்கு, ஐயா?"

"என் சம்சாரம்."

மூன்று மாதத்துக்கு முன்னால் கோமளவல்லி குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆயிற்று. இப்போது கோல் ஊன்றி நன்றாகவே நடக்கிறார். ஆனால் நடப்பது கரூரில், மகள் வீட்டில். தன் வீட்டுக்கு வர மறுக்கிறார்.

"என்ன சொல்லி மறுக்கறாங்க?"

"'நீங்க கட்டின பாத்ரூம்ல நான் கால் வைக்கமாட்டேன்'ங்கறா. முப்பத்தாறு வருஷத்துல ஒருநாள்கூட அவ இப்படிப் பேசினதில்ல. தனியா சமைச்சு, தனியா சாப்பிடறேன். தாங்கல, அம்மா."

சிரித்தவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"அதை யார் கட்டினது?"

"சூசைன்னு ஒரு மேஸ்திரி. போன வருஷம்தான். தண்ணி ஓடவே ஓடாது, தேங்கியே நிக்கும். கீழ் வீட்டுல குடியிருக்கற மும்தாஜ் டீச்சர் வேற, கூரையில ஓதம் இறங்குது, ஓதம் இறங்குதுன்னு சொல்லிட்டே இருக்காங்க. அவனை இனி வாசப்படி ஏத்தமாட்டேன். புதுசா மூணு பேர் வந்து பார்த்துட்டுப் போயிருக்காங்க. யாரை வைக்கறதுன்னு தெரியல."

"மூணு பேரும் என்ன காட்டினாங்க?"

"போன்ல போட்டோ. ஒவ்வொண்ணும் பளபளன்னு இருக்கு."

"யாராவது குளிச்ச பாத்ரூமா?"

மாசிலாமணி யோசித்தார். "இல்ல. எல்லாம் புதுசு."

"மூணு மழைக்கு முன்னால அவங்க கட்டினதைக் காட்டச் சொல்லுங்க."

"சரி, அம்மா."

"பாத்ரூமுக்குள்ள போகாதீங்க. அதுக்குக் கீழ் வீட்டுல போய் நின்னு, அண்ணாந்து பாருங்க."

அவ்வளவுதான். அடுத்தவர் ஆன்மாவைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார்.

*

முதல் ஆள் காட்டிய மூன்றும் தரைத்தள வீடுகள். கீழே பூமிதான் இருந்தது.

"மாடியில கட்டினது ஏதாவது?" என்று கேட்டதும் அவருக்கு அவசரமாக ஒரு போன் வந்தது. அது அடித்த சத்தம் மாசிலாமணிக்குக் கேட்கவில்லை.

இரண்டாவது ஆள் மாடி வீட்டையே காட்டினார். கீழ் வீட்டுக் கூரையில், பாத்ரூமுக்கு நேர் கீழே மட்டும் புது பெயின்ட்.

"வர்ற பொங்கலுக்குன்னு அடிச்சதுங்க" என்றார் வீட்டுக்காரர்.

பொங்கலுக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது.

மூன்றாவது ஆள் முனீஸ். அவர் தலையைச் சொறிந்தார்.

"நான் தனியா வேலை எடுத்து ஒண்ணரை வருஷம்தாங்க ஆச்சு. மூணு மழையெல்லாம் என் வேலை பார்க்கல. எனக்குத் தொழில் கத்துக்கொடுத்த மேஸ்திரி கட்டினது ஒட்டன்சத்திரத்துல ஒண்ணு இருக்கு. ஏழு வருஷமாச்சு. நானும் அதுல வேலை செஞ்சேன். பார்க்கறீங்களா?"

"பார்க்கலாம்" என்றார் மாசிலாமணி.

அது வேலுமணி அம்மாளின் வீடு. காய்கறி மண்டி வைத்திருக்கிறார். மாடியில் குடும்பம், கீழே வெங்காய மூட்டைகள். மாசிலாமணி மூட்டைகளுக்கு நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தார். கழுத்து வலிக்கும்வரை பார்த்தார். ஒட்டடை இருந்தது. ஏழு வருடத்துப் பழைய வெள்ளை இருந்தது. ஓதம் இல்லை.

"கட்டின ஆள் எப்படிங்க?"

"அந்த ஆளா? மகா பிடிவாதம்" என்றார் வேலுமணி அம்மாள். "பையனுக்கு நிச்சயதார்த்தம், நாலு நாள்தான் இருக்கு. டைல்ஸ் ஒட்டறதுக்கு முன்னால தரையில தண்ணி கட்டி ரெண்டு நாள் வெச்சுப் பார்க்கணும்னார். கீழ இறங்கலன்னாத்தான் ஒட்டுவேன்னு உட்கார்ந்துட்டார். எனக்கு வந்த கோவம் கொஞ்சநஞ்சமில்ல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, குடுத்தேன். சம்பந்தி வீட்டு ஆளுங்களைப் பக்கத்து வீட்டுல குளிக்க வெச்சேன். மானமே போச்சுன்னு அன்னைக்கு அழுதேன். இப்ப கேட்டா என் மருமகளுக்கே அது ஞாபகம் இல்லீங்க."

"அவர் பேரு?"

"சூசை மேஸ்திரி" என்றார் வேலுமணி அம்மாள்.

*

மாசிலாமணி ஞாயிறு வரை காத்திருக்கவில்லை. நேராகத் தோப்புக்கு வந்தார்.

தோப்பம்மா, வருகிறவர்களுக்கான குளியலறையை விளக்குமாறால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அதே ஆள், அம்மா. அங்க அவ்வளவு நல்லா கட்டியிருக்கான். எனக்கு மட்டும் ஏன் இப்படிக் கட்டினான்?"

அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"சொல்லுங்க, அம்மா."

தோப்பம்மா ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றினார். அது ஓடி முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்க இன்னும் ஒரு கூரை பார்க்கல, ஐயா" என்றார்.

*

சொந்த வீட்டின் கீழ்ப் பகுதியை வாடகைக்கு விட்டு ஒன்பது வருடம். குடியிருப்பவரிடம் பலமுறை வாசலில் நின்று பேசியிருக்கிறார். உள்ளே போனதில்லை.

மும்தாஜ் டீச்சர் உள் அறைக்குக் கூட்டிப்போனார். கூரை கருத்து, பூச்சு உதிர்ந்து, ஓரிடத்தில் கம்பி தெரிந்தது. கீழே ஒரு பக்கெட். திருத்த வேண்டிய விடைத்தாள்களை டீச்சர் பாலிதீன் பையில் சுற்றி வைத்திருந்தார்.

"நீங்க சொன்னப்போ இவ்வளவுன்னு நினைக்கல, டீச்சர்."

"பரவாயில்ல சார். ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கமாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"அந்த மேஸ்திரி உங்ககிட்ட ரெண்டு நாள் கேட்டது எனக்கு இங்க வரைக்கும் கேட்டுது."

மாசிலாமணிக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

அவருடைய அறுபதாம் கல்யாணம். வெள்ளிக்கிழமை முகூர்த்தம். வெளியூரிலிருந்து நாற்பது பேர். தண்ணீர் ஓடுவதற்கான வாட்டம் இன்னும் சரியாக வரவில்லை, தண்ணீர் கட்டிப் பார்க்க வேண்டும், சொரசொரப்பான டைல்ஸ்தான் நல்லது என்று சூசை சொன்னார். முகம் தெரிகிற டைல்ஸ்தான் வேண்டும் என்று இவர் சொன்னார். "தண்ணியைக் கட்டி வேடிக்கை பார்க்கவா உன்னைக் கூப்பிட்டேன்? நாளைக்கே ஒட்டு" என்றும் சொன்னார்.

கோமளவல்லி மேஸ்திரிக்குக் காபி கொண்டுவந்து நின்றிருந்தார். "அவர் கேக்கற ரெண்டு நாளைக் குடுத்துடுங்களேன்" என்றார்.

"உனக்கு என்ன தெரியும், உள்ள போ."

மேஸ்திரியின் முன்னால்தான் அப்படிச் சொன்னார்.

*

சூசை அவரை வாசலில் நிற்கவைத்தே பேசினார். உட்காரச் சொல்லவில்லை.

"தண்ணி நிக்குதுங்களா?"

"நிக்குது. கீழயும் இறங்குது. வீட்டுல அவ விழுந்து இடுப்பு ஒடிஞ்சுபோச்சு."

சூசை உள்ளேயிருந்து ஒரு நாற்காலியை எடுத்துவந்து போட்டார்.

"நானும் தப்புதாங்க. நீங்க சொன்னீங்கன்னு ஒட்டினேன். நான் அன்னைக்குப் பூசற கரண்டியைத் தூக்கிட்டுக் கிளம்பியிருக்கணும். அந்தம்மா காபி குடுத்தாங்க, கிளம்ப மனசு வரல."

"இந்தத் தடவை ரெண்டு நாள் தர்றேன், மேஸ்திரி."

"மூணு வேணுங்க. மழைக்காலம்."

"சரி" என்றார் மாசிலாமணி.

*

முகம் தெரிகிற டைல்ஸ் எல்லாம் உடைந்து மூட்டையில் போயிற்று. சூசையும் முனீஸும் சேர்ந்து வாட்டம் எடுத்துத் தரை பூசினார்கள். பூச்சு காய்ந்ததும் தண்ணீர் போகிற துவாரத்தைத் துணியால் அடைத்து, நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் கட்டினார்கள். கட்டிவிட்டு இருவரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மாசிலாமணி கீழே வந்தார். டீச்சரிடம் கேட்டு ஒரு நாற்காலி வாங்கிப் போட்டுக்கொண்டு கூரையைப் பார்த்து உட்கார்ந்தார். டீச்சர் பள்ளிக்கூடம் போய்த் திரும்பி வந்தபோதும் அங்கேயே இருந்தார்.

இரண்டாவது நாள் காலை மகள் கரூரிலிருந்து போன் செய்தாள்.

"அப்பா, வெள்ளிக்கிழமை நல்ல நாள். கார் சொல்லியாச்சு. அம்மாவை எப்படியாவது சமாதானப்படுத்தி அனுப்பிடறோம். பாத்ரூம் அதுக்குள்ள முடிஞ்சிடும்ல?"

மாசிலாமணி அண்ணாந்து பார்த்தார்.

"முடியாதும்மா. தண்ணி கட்டியிருக்கு. வெள்ளிக்கிழமை வேண்டாம்."

"அதை விட்டா அடுத்த நல்ல நாள் பத்து நாள் கழிச்சுதான்ப்பா. நீங்கதானே தனியா இருக்க முடியலன்னீங்க?"

"முடியலதான். பத்து நாள் கழிச்சே வரட்டும்."

அந்தப் பக்கம் போன் கை மாறுகிற சத்தம் கேட்டது.

"வேலை யாரு?" என்றார் கோமளவல்லி.

"சூசை."

"எத்தனை நாள் கேட்டார்?"

"மூணு."

"குடுத்தீங்களா?"

"குடுத்தேன்."

மாசிலாமணி போனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமையே வர்றேன்" என்றார் கோமளவல்லி. "டீச்சர் வீட்டுல குளிச்சுக்கறேன்னு கேட்டு வைங்க."