மிச்சம் வைக்காத எண்

கூழையூரில் மூளையை இரவல் கேட்டாலும் கிடைக்காது. அந்த ஊர்ச் சுருளியின் கத்தரித் தோட்டம் தண்ணீரில்லாமல் வாடிக் கிடந்தது. பார்க்கப் பார்க்க அவனுக்கு அழுகை வந்தது. மதகுச் சாவி ஜமீன்தாரிடம் இருந்தது. ஜமீன்தாருக்கோ கணக்குப் பைத்தியம்.

"பத்தாயிரத்து ஏழு எந்தெந்த எண்ணால் மிச்சமில்லாமல் வகுபடும்? இரண்டிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துச் சொல். மதகைத் திறக்கிறேன்" என்றார் அவர்.

"எண்ணைக் கையில குடுத்துருங்க எசமான். வாயால சொன்னா வழியில மறந்துபோகும்" என்றான் சுருளி.

ஜமீன்தார் சிரித்துக்கொண்டே, தோலுரித்த நிலக்கடலையாகப் பத்தாயிரத்து ஏழை எண்ணி மூட்டை கட்டிக் கொடுத்தார்.

தோட்டத்தில் சாக்கை விரித்துக் கொட்டினான் சுருளி. அவன் மச்சான் பெத்தணனும், ஊரிலேயே யோசனைக்காரர் என்று பேரெடுத்த வெள்ளைக்கண்ணு அண்ணனும் உதவிக்கு உட்கார்ந்தார்கள். இரண்டிரண்டாக எடுத்து வைத்ததில், கடைசியாக ஒரு கடலை நின்றது.

"ஐயோ, மிச்சம் வந்துருச்சே!" என்று அலறினான் சுருளி.

"மிச்சமில்லாமன்னுதானடா எசமான் சொன்னாரு?" என்று வெள்ளைக்கண்ணு அதை வாயில் போட்டுக்கொண்டார். "இப்ப வகுபட்டுருச்சு."

மூன்று மூன்றாக வைத்தார்கள். மறுபடியும் ஒன்று நின்றது, பெத்தணன் தின்றான். மூவரும் கட்டிப் பிடித்துக் கூத்தாடினார்கள். சட்டென்று சுருளிக்கு ஒரு சந்தேகம்.

"மச்சான், இன்னமும் ரெண்டால வகுபடுமா?"

பார்த்தால், ஒன்று மிச்சம்! அதைச் சுருளி தின்றான். உடனே மூன்று கெட்டுப்போனது. அந்த மிச்சத்தையும் தின்று சரிசெய்தார்கள். நான்கைச் சரிசெய்தால் மறுபடியும் மூன்று கெட்டது. ஏழைத் தொட்டார்களோ இல்லையோ, எல்லாமே கெட்டது. தின்னத் தின்ன வேலை வளர்ந்தது.

"அண்ணே, குவியல் பாதியாயிருச்சே. இது அதே எண்ணுதானா?" என்று கேட்டான் சுருளி.

வெள்ளைக்கண்ணு கண்ணை மூடி யோசித்தார். "போன வருசக் காய்ச்சல்ல நீ பாதியா இளைச்சுப் போனியே, உன்னைய வேற ஆளுன்னா சொன்னோம்?"

"அதானே!" என்றான் பெத்தணன், வாய் நிறையக் கடலையோடு.

கடைசிக் கடலையும் உள்ளே போனதும் நூறால் வகுத்தார்கள், மிச்சமில்லை. ஆயிரத்தால் வகுத்தார்கள், மிச்சமில்லை. சுருளி வாடிய செடிகளுக்கு நடுவே குதித்துக் குதித்து ஆடினான்.

வெறும் சாக்கைத் தூக்கிக்கொண்டு ஜமீன்தாரிடம் ஓடினார்கள்.

"எதால வகுத்தாலும் மிச்சமே வரலை எசமான்! தங்கமான எண்ணு!"

"அடப் பாவிகளா! அது பகா எண்ணடா! ஒன்றையும் தன்னையும் விட்டால் எதாலும் வகுபடாது!"

சுருளியின் முகம் அவன் தோட்டத்துக் கத்தரியாய் வாடியது. "நீங்களே பாருங்க எசமான், மிச்சம் ஏதாச்சும் இருக்கா?" என்று சாக்கை நீட்டினான்.

ஜமீன்தார் உள்ளே கையை விட்டுத் துழாவினார். சாக்கைப் பார்த்தார், மூன்று பேரின் தொந்தியையும் பார்த்தார். தலைப்பாகை உருண்டு விழுமளவுக்குச் சிரித்துவிட்டு, மதகைத் திறக்கச் சொன்னார்.

"அடுத்த போகத்துக்கும் தண்ணீர் வேண்டுமானால் இதைவிடப் பெரிய எண் ஒன்று இருக்கிறது. தரட்டுமா?"

சுருளி வயிற்றைத் தடவிக்கொண்டே கும்பிட்டான்.

"தாங்க எசமான். ஆனா அதை வறுத்துத் தாங்க. பச்சை எண்ணு வயித்தை என்னமோ பண்ணுது."